வெள்ளிக்கிழமை உறுமிய டவர் ஸ்பீக்கர்

1. கிளம்பும்போதே எரிச்சல்

ஆம்பூரில் ஒரு வீட்டுக்கு, ஸ்பீக்கரில் வரும் இரைச்சலை நிறுத்தப் போனேன். போன இடத்தில் ரிஸ்வானா என்ற பெண்ணின் உயிர் என் கையில் வந்து மாட்டிக்கொண்டது. ஆடியோ தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ரிசீவர் செட்டிங் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு நாளைத்தான் சொல்வேன். கேட்டுவிட்டு இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். போகட்டும்.

நான் குடியாத்தத்துக்காரி. வீட்டில் பவர்லூம். தறி ஓடும் சத்தத்தில் பிறந்தவளுக்கு சத்தத்தைச் சரிசெய்யும் வேலையா என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். டிப்ளமோ முடித்து வேலூரில் ஒரு ஆடியோ கடையில் சர்வீஸில் சேர்ந்தேன், அங்கேயே சீனியர் ஆனேன். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் பெரிய வீடுகளில் ஹோம் தியேட்டர் வைப்பது பெரும்பாலும் உள் ஹாலில். பெண்கள் புழங்கும் இடம். ஆண் டெக்னீஷியன் போனால் வீட்டுப் பெண்கள் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், அவன் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வீட்டு ஆண் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். நான் போனால் அந்தத் தொல்லை இல்லை. அதனால் அந்தப் பக்கத்து சர்வீஸ் அழைப்பெல்லாம் என் தலையில்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மேனேஜர் பாஸ்கர் காலையிலேயே கூப்பிட்டார். "கலை, ஆம்பூர் இக்பால் பாய் வீடு. டவர் ஸ்பீக்கர்ல ஹம்முனு இரைச்சல் வருதாம். நம்ம பசங்க ரெண்டு தடவ போய்ப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டானுங்க. பாய் செட்டையே திருப்பி எடுத்துக்கினு போங்கங்கறார். நீ போய் முடிச்சுட்டு வா."

"பசங்க எப்ப போனாங்க சார்?"

"செவ்வாக்கெழமையோ, புதனோ. இன்னாத்துக்கு?"

"பாய் எப்ப வருதுன்றாரு?"

"அதான் வெள்ளிக்கெழமை வருதுன்றாரு. ஸ்பீக்கருக்கு கிழமை தெரியுமா? போய்ப் பாரு."

ஸ்பீக்கருக்குக் கிழமை தெரியாது, சரி. ஆனால் வீட்டுக்குத் தெரியும். இதைப் பாஸ்கரிடம் சொன்னால் தத்துவம் பேசாதே என்பார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

2. செட்டப்

இக்பால் பாய் ஷூவின் மேல்தோல் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமைதான் லீவு. வார நாளில் ஹோம் தியேட்டர் போட யாருக்கும் நேரம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில்தான் அவர் சோபாவில் சாய்ந்து டிவி பார்ப்பார், அப்போதுதான் உறுமல் வரும்.

"இன்னாம்மா, ஜாஸ்தி டைம் ஆவுமா? நா ஜும்மா தொழுகைக்குப் போவணும்," என்றார். கோபக்காரர் என்று பாஸ்கர் சொல்லியிருந்தார். எனக்கு அப்படித் தெரியவில்லை, அலுத்துப் போன மனிதராகத் தெரிந்தார்.

"நீங்க போய்ட்டு வாங்க பாய். நா பாத்துக்கறேன்."

"முந்தி வந்த பையன் ஒரு வழி சொன்னாம்மா. பிளக்குல மூணாவது பின்னு இருக்குதே, அத்த எடுத்துட்டா சத்தம் போயிடும்னான். அத்த எடுத்துடேன். பேஜாரா கீது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அவர் மேல் இல்லை. இது எங்கள் தொழிலில் உள்ள கெட்ட பழக்கம். ஹம் வந்தால் மூன்று பின் பிளக்கில் பெரிதாக இருக்கும் எர்த் பின்னை உடைத்துவிடுவது. சத்தம் பாதி இடங்களில் உண்மையிலேயே நின்றுவிடும். டெக்னீஷியன் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுவான். எர்த் பின் என்பது அந்தப் பெட்டிக்குள் ஏதாவது கோளாறு வந்தால் கரண்ட் மண்ணுக்குப் போகும் வழி. அதை உடைத்தால் அடுத்த வழி அதைத் தொடுகிற ஆள்தான்.

"கடைசில பாக்கலாம் பாய்," என்று மட்டும் சொன்னேன்.

செட்டை முதலில் சரிபார்த்தேன். அவருடையது பவர்டு டவர். இடுப்பு உயரத்துக்கு மேல் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்கள், ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கும். சாதாரண ஸ்பீக்கரைப் போல, டிவி சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் பெட்டியின் ஸ்பீக்கர் டெர்மினலில் இருந்து ஒயர் இழுத்து இதன் லைன் இன்புட்டில் கொடுத்தால் கருகிவிடும். ரிசீவரின் பின்னால் பிரீ-அவுட் என்று தனியாக ஒரு சாக்கெட் இருக்கும், அதிலிருந்து ஆர்சிஏ கேபிள் போட்டு டவரின் இன்புட்டில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டவருக்கும் தனியாக மூன்று பின் பவர். பசங்கள் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். சத்தத்தைக் கூட்டும் கெயின் குமிழை மட்டும் முழுசாகத் திருகி வைத்திருந்தார்கள், பாதிக்குக் குறைத்தேன். இடது வலது மாறவில்லை. ரிசீவருக்கு இரண்டு பின் பிளக், அது அப்படித்தான் வரும். ரிசீவரிலிருந்து டிவிக்கு ஒரு ஒயர், செட்டாப் பாக்ஸுக்கு ஒரு ஒயர், செட்டாப் பாக்ஸுக்கு வெளியே கம்பத்திலிருந்து கேபிள்காரர் இழுத்த ஒயர்.

எல்லாவற்றையும் ஆன் செய்தேன். சத்தமே இல்லை. டவரில் காதை வைத்துக் கேட்டேன், மெல்லிய சீறல் தவிர ஒன்றும் இல்லை.

இக்பால் பாய் தொப்பியைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். "பாத்தியா, நீ வந்ததும் வாய மூடிக்கிச்சு," என்று சொல்லிவிட்டு மகனோடு மசூதிக்குக் கிளம்பினார். முன்பக்கத்து ஆபீஸ் அறையைப் பூட்டி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாட்ச்மேனும் அவர்கள் பின்னால் போனார். வீட்டில் நான், இக்பால் பாயின் மனைவி மும்தாஜ் அம்மா, அவர்கள் மருமகள் ரிஸ்வானா, தூளியில் ரிஸ்வானாவின் கைக்குழந்தை. அவ்வளவுதான்.

3. உறுமல்

ரிசீவரின் மைக்கை சோபாவில் வைத்து, அறைக்குத் தகுந்தபடி சத்தத்தை அளந்து சரிசெய்யும் ரூம் செட்டிங்கை ஓடவிடலாம் என்று உட்கார்ந்தேன். ரிஸ்வானா தூளியை ஒரு முறை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். தோளில் துண்டு. பின்கட்டுப் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்து டவர் இரண்டும் உறுமத் தொடங்கின.

நான் எத்தனையோ ஹம் கேட்டிருக்கிறேன். வழக்கமாக வருவது கொசு பறப்பது மாதிரி, ராத்திரி அமைதியில்தான் தெரியும். இது தரையில் கால் வைத்தால் தெரிந்தது. தூளியில் குழந்தை முழித்துக்கொண்டு அழுதது.

"இதாம்மா, இதே சத்தந்தான்," என்று மும்தாஜ் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "மொத இவ்ளோ இல்ல. வரவர ஜாஸ்தியாவுது."

ஆர்சிஏ கேபிளை உருவினேன், நின்றது. அப்படியானால் டவரில் கோளாறு இல்லை. திரும்பச் செருகிவிட்டு, செட்டாப் பாக்ஸின் பின்னால் இருந்து கேபிள்காரர் ஒயரைக் கழற்றினேன். கழற்றும்போது கனெக்டரின் ஓரத்தில் சின்னதாக ஒரு தீப்பொறி வந்தது. உறுமல் சட்டென்று அடங்கியது.

பாஸ்கருக்கு போன் செய்தேன். "சார், கேபிள் ஒயர் எடுத்தா நிக்குது."

"அவ்ளோதான? கிரவுண்ட் லூப்பு, ரெண்டு எர்த்து சேந்துக்கினா வர்றது. கேபிள்ல ஒரு ஐசொலேட்டர் போட்டு ஹம்ம வெட்டிடு, இல்ல அந்த எர்த் பின்னை எடுத்துட்டு வந்துடு. பெரிய கஸ்டமர், கலை. இழுக்காத."

"ஸ்பார்க் வருது சார்."

"லேசா வரும்."

லேசாக வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி வரக் கூடாது. மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை டவரின் பின்பக்க ஸ்க்ரூவிலும், இன்னொரு முனையை கேபிள்காரர் ஒயரின் வெளிப்பக்க உலோகத்திலும் வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இருக்கக் கூடாது. மீட்டர் நூறு வோல்ட்டைத் தாண்டி நின்றது. மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அதேதான், கொஞ்சம் கூடியிருந்தது.

அதாவது, அந்த வீட்டின் எர்த் ஒயரில் கரண்ட் நிற்கிறது. எர்த் ஒயர் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம், எந்தெந்தப் பெட்டியின் உலோகத்தோடு அது சேர்ந்திருக்கிறதோ அதிலெல்லாம். வீட்டில் ஏதோ ஒன்று லீக் ஆகிறது, அதை வாங்கிக்கொள்ள வேண்டிய மண் வாங்கவில்லை. போக்கிடம் இல்லாத அந்தக் கரண்ட் எர்த் பின் வழியாக டவருக்கு வந்து, ஆர்சிஏ கேபிளில் ஏறி, ரிசீவர் வழியாகக் கம்பத்து ஒயரைப் பிடித்து வெளியே ஓடுகிறது. அந்த ஓட்டத்தைத்தான் இவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, இப்ப வீட்ல எதாச்சும் சுச்சு போட்டாங்களா? மோட்டார், கிரைண்டர், அயர்ன் பாக்ஸு?"

"ஒண்ணும் போடலியேம்மா. நா இங்கதான கீறேன். ரிஸ்வானா மட்டும் குளிக்கப் போயிருக்கா."

"கீசரா?"

"ஆமா. பிள்ள பெத்தவ, பச்சத் தண்ணி ஊத்தக் கூடாதில்ல. அந்த பாத்ரூம அவ மட்டுந்தான் பொழங்குறா. நாங்கள்லாம் மாடில." பிறகு அவராகவே சொன்னார். "அவளுக்கு ஒடம்பும் செரியில்லம்மா. குளிக்கப் போனாலே கை சுருக்கு சுருக்குங்குது, குத்துதுன்னு பொலம்புறா. வேலூர் கூட்டிக்கினு போய்க் காட்டுனோம். நரம்பு வீக்குன்னு மாத்திரை குடுத்தாங்க. சாப்ட்டும் கொறையல."

பின்னை உடைத்திருந்தால் இந்த வீட்டில் உறுமல் நின்றிருக்கும். நானும் பஸ் ஏறியிருப்பேன்.

4. குழாயை மூடாதே

டூல் பையோடு பின்கட்டுக்கு ஓடினேன். மும்தாஜ் அம்மா குழந்தையோடு பின்னாலேயே வந்தார். பாத்ரூம் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"கீசர் சுச்சு எங்கம்மா?"

"உள்ளதாம்மா, கதவுக்கு மேல."

எவனோ புண்ணியவான் சுவிட்சை ஈரக் கைக்கு எட்டும்படி உள்ளே வைத்திருக்கிறான். மெயின் போர்டு எங்கே என்று கேட்டேன். முன்பக்கத்து ஆபீஸ் அறை. அதன் சாவி மசூதியில் இக்பால் பாயின் பையில்.

நான் யோசித்து முடிப்பதற்குள் மும்தாஜ் அம்மா கதவைத் தட்டிவிட்டார். "ரிஸ்வானா, வெளிய வாம்மா. சீக்கிரம்."

"இதோ, கொழாய மூடிட்டு வர்றேன் மாமி."

அந்தப் பதிலை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் குளிக்கிற தண்ணீருக்கும் பெண்கள் படும் பாட்டில், வீடே இடிந்து விழுந்தாலும் ஓடுகிற குழாயை அப்படியே விட்டுவிட்டு எந்தப் பெண்ணும் வெளியே வர மாட்டாள். கை தானாகக் குழாய்க்குப் போய்விடும்.

"மூடாத. கொழாயத் தொடாத," என்று கத்தினேன்.

உள்ளே சொம்பு விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

மும்தாஜ் அம்மா கதவை இடிக்கப் போனார். அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். "உள்ள போனா நீங்களும் ஒட்டிக்குவீங்க. அவளத் தொடக் கூடாது. இங்கயே நில்லுங்க, கொழந்தய விடாதீங்க." அவர் என் கையைக் கடிக்காத குறை. மருமகள் உள்ளே கிடக்கும்போது தொடாதே என்று சொல்கிறவளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

வாசலுக்கு ஓடினேன். ஆபீஸ் அறையின் வெளிச்சுவரில் மீட்டர் பெட்டி இருந்தது. வரும்போது பார்த்திருந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் மீட்டர் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவது என் வழக்கம். தகரத்திலும் கரண்ட் இருக்கலாம் என்று கதவைப் பையின் வாரால் சுற்றிய கையால் திறந்தேன். உள்ளே மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். வீட்டுக்கு வருவது த்ரீ பேஸ். கீசர் எந்த பேஸில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க நேரம் இல்லை, மூன்றையும் பிடுங்கினேன். நடுக்கட்டை இறுகியிருந்தது. இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை நகம் பெயர்ந்து, கட்டை கையோடு வந்தது.

"கரண்ட் போவலம்மா, ஃபேன் ஓடுது," என்று உள்ளே இருந்து மும்தாஜ் அம்மாவின் குரல் அழுதது.

ஃபேன் ஓடியது இன்வர்ட்டரில். எனக்குத் தெரியும். கீசரை இன்வர்ட்டரில் யாரும் போட மாட்டார்கள், அதுவும் தெரியும். ஆனால் எர்த் பின் என்று இவ்வளவு பெரிதாக ஒன்றை வைத்துவிட்டு அதை மண்ணில் சேர்க்காத வீட்டில் நான் எதை நம்புவது? திரும்ப ஓடினேன். பயந்தேன். அதை ஒளிக்க என்ன இருக்கிறது.

பிளாஸ்டிக் கதவுதான். நானும், ஒரு தோளில் குழந்தையோடு மும்தாஜ் அம்மாவும் சேர்ந்து முட்டியதில் தாழ் பெயர்ந்தது. ரிஸ்வானா சுவரோரம் சரிந்து கிடந்தாள், வலது கை இன்னும் குழாயின் பக்கம் நீண்டிருந்தது. டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். எரியவில்லை. அதன் பிறகுதான் மும்தாஜ் அம்மாவை உள்ளே விட்டேன்.

அவர் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, தன் துப்பட்டாவை உருவி மருமகளைப் போர்த்தினார். குழந்தை என் கையில் வீறிட்டது. ரிஸ்வானாவின் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறதா என்று தெரியவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து அவள் இருமினாள்.

மும்தாஜ் அம்மா "அல்லா, அல்லா" என்று சொல்லிக்கொண்டே அவள் முகத்தைத் துடைத்தார். நான் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று பிறகு மும்தாஜ் அம்மா சொன்னார், எனக்கு நினைவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே ரிஸ்வானா கண் விழித்துக் குழந்தையைக் கேட்டாள். உள்ளங்கையில் சுட்ட காயம். இதயத்துடிப்பு சரியாகும்வரை வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

5. மண்ணுக்குள் இருந்தது

இக்பால் பாய் மறுநாளே ஆள் வைத்து எர்த் குழியைத் தோண்டினார். நானும் போயிருந்தேன். ஆளுயரத்துக்கு மேல் இரும்புக் குழாய் இறங்கியிருக்க வேண்டிய இடத்தில் முழங்கை நீளம்தான் வந்தது. மீதி பொடிப்பொடியாக, பிஸ்கட் மாதிரி. தோல் பதனிடும் உப்பு பல காலமாக இறங்கிய மண் அது. போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, துணி துவைத்தால் நுரை வராது. இரும்பை மட்டும் சும்மா விடுமா? அந்தப் பக்கத்தில் எர்த் போட்டால் அடிக்கடி சோதிக்க வேண்டும். போட்டுவிட்டு மேலே சிமென்ட் பூசி மறந்துவிடுகிறோம்.

கரண்ட் லீக் ஆனால் தானே விழ வேண்டிய டிரிப்பர் ஒன்றும் மெயின் போர்டில் இருந்தது. அது அடிக்கடி விழுகிறது, தொல்லையாக இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி நேராக ஒயரைக் கொடுத்திருந்தான். கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் சுருள் உடைந்து, கரண்ட் தண்ணீரிலும் குழாயிலும் கசிந்திருந்தது. எலக்ட்ரீஷியன் டிரிப்பரை முடக்கினான், எங்கள் பையன் எர்த் பின்னை உடைக்கச் சொன்னான், மேனேஜர் ஐசொலேட்டர் போடச் சொன்னார். வீடு கத்திய ஒவ்வொரு முறையும் அதன் வாயைப் பொத்துவதற்கு ஒரு வழி எங்களிடம் இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

பாஸ்கரிடம் அன்றைக்குச் சத்தம் போட்டேன். இப்போது கடையில் யாராவது எர்த் பின்னை உடைத்தால் அவனை வேலையை விட்டு அனுப்புகிறார்.

செம்புத் தகடு இறக்கிப் புது எர்த், புது கீசர், வெளியே சுவிட்ச், டிரிப்பர் எல்லாம் மாற்றிய பிறகு பாதியில் விட்ட வேலையை முடிக்கப் போனேன். கேபிள் ஒயரை மாட்டினேன். கீசரைப் போட்டுவிட்டு வந்து டவரில் காது வைத்தேன். ஒன்றும் இல்லை. மைக்கை வைத்து ரூம் செட்டிங் ஓடவிட்டேன். இக்பால் பாய் சத்தம் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஓரமாக நின்று, "அந்தப் பின்னை எடுன்னு நாந்தான சொன்னேன்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரிஸ்வானா கட்டுப் போட்ட கையோடு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மும்தாஜ் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார்.

"கை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா." டவரைப் பார்த்தபடி சொன்னாள். "பிள்ள பொறந்ததுலேர்ந்து சொல்லிக்கினே இருந்தேன்க்கா, கை சுருக்குங்குதுன்னு. எனக்கு மாத்திர குடுத்தாங்க. இது சத்தம் போட்டதுக்கு வேலூர்லேர்ந்து மூணு வாட்டி ஆளு வந்துச்சு."

மும்தாஜ் அம்மா மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கட்டுப் போட்ட அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது நான் எந்த வீட்டுக்கு ஹம் பார்க்கப் போனாலும் டூல் பையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன். குளிக்கும்போதோ, பாத்திரம் தேய்க்கும்போதோ, வாஷிங் மெஷினைத் தொடும்போதோ யாருக்காவது கை சுருக்கென்கிறதா? முன்ஹாலில் ஆண்களிடம் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அதனால் அடுப்படிக்குப் போய் அங்கே இருக்கிறவர்களிடம் கேட்கிறேன்.